மண்டெல் அறுத்த நாள்

1987 ஒக்டோபர் 14, புதன்கிழமை. ஆறு மணிக்கு எழுந்தேன். அகதி விடுதியின் பொதுச் சமையலறையைக் கூட்டும் முறை இந்தக் கிழமை எங்களுடையது. கூட்டி முடித்துத் தேநீர் வைத்தேன். என் மனைவி ராசமலர் அரைக் கோப்பைதான் குடித்தாள். அவளுக்கு விழுங்க நோகிறது. தொண்டையின் இரு பக்கமும் உள்ள சதை மாதம் தவறாமல் வீங்கிக் காய்ச்சல் வருகிறது. அந்தச் சதையை ஜெர்மன்காரர் ‘மண்டெல்’ என்கிறார்கள். வாதுமைக்கும் அதே சொல்தான். அதை வெட்டி எடுக்க நாளை காலை ஆஸ்பத்திரியில் டெர்மின், நேரம் குறித்துத் தந்திருக்கிறார்கள். முதல் டெர்மினுக்கு அவள் வரமாட்டேன் என்று கட்டிலைவிட்டு இறங்கவில்லை. வெளியே கூட்டிப் போனால் பயம் தெளியும் என்று நினைத்தேன்.

9.10க்குப் பேருந்து. பிர்கன்ஃபெல்டிலிருந்து இடார்-ஓபர்ஸ்டைன் ஏறக்குறைய பதினேழு கிலோமீட்டர். ஒரே மாவட்டம் என்பதால் அகதிகளுக்கான அனுமதிக் கடிதம் வேண்டியதில்லை. “கல் பார்க்கவா?” என்றார் சாரதி, எங்கள் முகத்தைப் பார்த்ததுமே.

ஊர் முழுக்கக் கல்தான். ஒவ்வொரு கடைக் கண்ணாடிக்குள்ளும் வரிவரியான அகேட் தட்டுகள், ஈரல் நிறத்தில் ஜாஸ்பர் முட்டைகள். ஓடைக்கரையில் ஒரு பட்டறைக்குள் போனோம். முதியவர் ஒருவர் மரப்பலகையில் குப்புறப் படுத்து, சுழலும் மணற்கல் சக்கரத்தில் கல்லை அழுத்திக்கொண்டிருந்தார். எழுந்து வந்து நிதானமாக விளக்கினார். எரிமலைக் குழம்பு ஆறும்போது அதற்குள் குமிழிகள் வெறுமையாய் நின்றுவிடும். பாறையில் ஊறும் நீர் தன்னில் கரைந்ததை அந்தக் குமிழிச் சுவரில் படலம் படலமாகப் பூசிப் பூசி உள்ளே நிரப்பும். இரும்பு கலந்தால் சிவப்பு. ஒளி உள்ளே புகுந்தால் அகேட், புகாவிட்டால் ஜாஸ்பர்.

பிறகு உருளைக்கிழங்கு போன்ற சாம்பல் கல்லொன்றைக் கல்லறுக்கும் வட்ட வாளுக்கு நேரே வைத்து, “இனி மண்டெலை அறுக்கலாம்” என்றார்.

ராசமலரின் கை தொண்டைக்குப் போனது. “இஞ்சாருங்கோ, இந்தாளுக்கு ஆர் சொன்னது?”

“உம்மையில்லை, கல்லைச் சொல்லுறார். வாதுமை மாதிரி இருக்கிறதாலை அதுக்கும் மண்டெல் எண்டுதான் பேராம்.”

“இவைக்கு வேறை பேரே கிடைக்கேல்லை? நோகுமோ எண்டு கேளுங்கோ.”

கேட்டேன். அவர் கல்லைத் தட்டிக் காட்டி, “தண்ணீர் விட்டுத்தான் அறுப்போம், வெடிக்காது” என்றார்.

நான் அவள் தொண்டையைக் காட்டினேன். அவர் வாளை நிறுத்திவிட்டு, குனிந்து தன் வாயை அகலத் திறந்தார். “ஏழு வயதில் எடுத்தார்கள். மூன்று நாள் நொந்தது. மூன்று நாளும் ஐஸ்கிரீம்.” சொல்லிவிட்டு மறுபடி திறந்தார்.

ராசமலர் எட்டி, இரு பக்கமும் பார்த்தாள். “வடிவாத்தான் எடுத்திருக்கினம். பல்லுத்தான் பிழை.”

நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

அவர் வாளை மறுபடி ஓட்ட, கல் பிளந்தது. சாம்பல் தோலுக்குள் நீலமும் வெள்ளையும், நடுவில் பளிங்குப் பொத்தல். ஈர விளிம்பை அவள் விரலால் சுற்றிச் சுற்றித் தடவினாள்.

திரும்பும் பேருந்தில் பாதி வழி கழிந்த பின் கேட்டாள்: “தொண்டை நோவுக்கு நாங்கள் கொத்தமல்லி அவிச்சுக் குடுப்பம். இவை ஐஸ்கிரீமே குடுக்கிறது?”

“ஓம்.”

“எத்தினை தரம் கேக்கலாம்?”

ஒக்டோபர் 15, வியாழக்கிழமை. காலை அவள்தான் என்னை எழுப்பினாள். சப்பாத்துப் போட்டு, பையும் கையுமாய் நின்றாள். “எழும்புங்கோ, பஸ் போயிடும்.”