கீழிருந்து வெட்டுவது

பத்திரிகைப் பக்கத்தில் இடம் போதவில்லை என்றால் செய்தியைக் கீழிருந்துதான் வெட்டுவார்கள். மேலே கை வைக்கக் கூடாது. முக்கியமானது முதல் பத்தியில் இருக்கும், அதற்கடுத்தது இரண்டாவதில். இப்படியே இறங்கிக்கொண்டு போனால் கடைசிப் பத்தி காணாமல் போனாலும் யாரும் அழப்போவதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் உதவி ஆசிரியர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது. அவர் வெட்டச் சொல்வார், நான் வெட்டுவேன். நான் செய்தி எழுதுகிறவள் இல்லை, மாவட்டப் பக்கத்துக்கு லே-அவுட் செய்கிறவள். லே-அவுட் என்றால் எங்கள் குப்பத்தில் யாருக்கும் புரியவில்லை. "பேப்பர்ல டைப் அடிக்குது" என்று முடித்துவிட்டார்கள். விளக்கி விளக்கி அலுத்துப்போய், ஆமாம், டைப்தான் அடிக்கிறேன் என்று நானும் ஒத்துக்கொண்டுவிட்டேன்.

குப்பம் பழவேற்காடு ஏரியை ஒட்டி. வேலை சென்னையில். காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டு வர வேண்டும். திருப்பாலைவனத்தில் யாராவது இறங்கினால் உட்காரலாம், ஆனால் அங்கே ஏறத்தான் செய்வார்கள். பொன்னேரியில் ரயில், ரயிலை விட்டு இறங்கி இன்னொரு பஸ். சாயங்காலம் பக்கத்தை முடித்து அனுப்பிவிட்டு இதையெல்லாம் தலைகீழாகச் செய்ய வேண்டும். வீட்டுக்கு வந்து மீன் ஆயும்போதும் வலது கை மவுஸ் பிடித்த வாக்கிலேயே மடங்கி இருக்கும். கண்ணை மூடினால் பக்கத்தில் காலங்களை, அதாவது எழுத்து ஓடுகிற நெட்டு வரிசைகளை, பிரிக்கிற கோடுகள் தெரியும்.

ஆபீஸ் பாஷையும் வீட்டுக்குள் வந்துவிட்டது. ஊர்த் திருவிழா என்றால் லீட் செய்தி, தலைப்பை முழு அகலத்துக்கும் ஓட்டலாம். பக்கத்து வீட்டுச் சண்டை டபுள் காலம். என் முதுகுவலி ஃபில்லர், அதாவது பக்கத்தில் ஓட்டை விழுந்தால் அடைக்கப் போடுகிற துணுக்கு. இடம் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

என் வீட்டுக்காரர் ஏரிக்கும் கடலுக்கும் போகிறவர். அவர் எந்தச் சேதியையும் காற்றிலிருந்துதான் ஆரம்பிப்பார். ஒருநாள் நான் களைத்துப்போய் வந்து உட்கார்ந்தேன். அவர் தொடங்கினார். விடியற்காலையில் வாடைக் காற்று அடித்தது, அப்புறம் கொண்டல் காற்றாகத் திரும்பியது, ஏரியில் தண்ணீர் வற்றிக் கிடந்தது, அன்றைக்குப் பாடு எங்கள் ஊருடையது இல்லை, அதாவது வலை போடுகிற முறை அடுத்த ஊருக்கு, அதனால் சீக்கிரமே கரை ஏறிவிட்டார், வலையைக் காயப் போட்டார், காயப் போடும்போது ஒரு ஆட்டோ வந்தது. கடைசியில் சொன்னார்: "உங்க அண்ணன் வந்துகீறாரு. தோ, பின்பக்கம் வேப்ப மரத்தாண்ட நிக்கிறாரு."

அண்ணன் அவ்வளவு நேரமும் வெளியே நின்றிருக்கிறான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"மேட்டர மொதல்ல சொல்லுய்யா! உன்னோட பெரிய பேஜாரு."

"காத்த சொல்லாம மேட்டர சொன்னா எவனுக்கு இன்னா புரியும்?" என்றார் அவர், கொஞ்சமும் அசையாமல்.

என் நைனாவும் அப்படித்தான் பேசுவார், ஊரே அப்படித்தான் பேசும். தண்ணீரில் எது நடந்தாலும் அதற்கு முன்னால் காற்று இருக்கிறது, அதை விட்டுவிட்டு நடந்ததை மட்டும் சொன்னால் பாதி சேதிதான் என்பது அவர்கள் கட்சி. எடுத்த எடுப்பில் விஷயத்தைச் சொல்வது ஒன்றே ஒன்றுக்குத்தான், சாவுக்கு. எழவுச் சேதி கொண்டுவருகிறவன் வீட்டுக்குள் வரமாட்டான், உட்காரமாட்டான், தண்ணீர்கூடக் கேட்கமாட்டான். வாசலில் நின்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவான்.

அந்தக் கோடையில் முகத்துவாரம் அடைத்துக்கொண்டது. கடலும் ஏரியும் கலக்கிற வாயில் மணல் ஏறி மேடாகிவிட்டது. கடல் தண்ணீர் உள்ளே வரவில்லை, இறால் வரவில்லை, படகு வெளியே போக வழியில்லை. ஏரி நாளுக்கு நாள் சுருங்கியது. ஊரில் சிலர் கல்ஃப் பக்கம் படகு வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஜெண்டைப் பார்க்கப் போனார்கள். என் வீட்டுக்காரரும் பீரோவிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். நான் அதை எடுத்துத் திரும்ப உள்ளே வைத்தேன். மறுநாள் மறுபடியும் மேசைமேல் இருந்தது.

"மெஷின் வந்து தோண்டினா நான் ஏன் போறேன்?" என்றார். "பேப்பர்ல வந்தா மெஷின் வரும்னு சொல்றாங்க."

ஊர்த் தலைவரும் அதையேதான் சொன்னார். பஸ்ஸுக்கு நின்ற என்னை வழிமறித்து, "நம்ம மொகத்துவாரத்த உங்க பேப்பர்ல போட்டுவுடு பாப்பா" என்றார்.

"நான் பக்கத்த அடுக்குறதோட சரி பெரீப்பா. எத போடணும்னு சொல்ற அதிகாரம் எனக்கு இல்ல."

"வூட்ட கட்டுறவ நீயி. உள்ள ஒரு பாய் போட எடம் வுட மாட்டியா?"

நல்லவேளையாக எங்கள் பொன்னேரி நிருபரே ஊருக்கு வந்தார். அவரும் ஏரிக்கரைக்காரர். ஊரார் சொன்னதை எல்லாம் கேட்டு, அவர்கள் சொன்ன வரிசையிலேயே எழுதி அனுப்பிவிட்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

செய்தி என் திரைக்கு வந்தபோது முதல் பத்தியில் தெற்கத்திக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. இரண்டாவது பத்தியில் அந்தக் காற்று மணலைத் தெற்கிலிருந்து எப்படித் தள்ளிக்கொண்டு வருகிறது, தோண்டுகிற மணலை எந்தப் பக்கம் போட வேண்டும் என்று இருந்தது. பிறகு தண்ணீரின் நிலைமை, பிறகு பாடு. முகத்துவாரத்தை உடனே தோண்ட வேண்டும், இல்லாவிட்டால் ஊர் ஆண்கள் பிழைப்புக்கு வெளிநாடு போக வேண்டியதுதான் என்பது கடைசிப் பத்தியில் இருந்தது.

காலையில் போட்ட டம்மியில், அதாவது எது எங்கே என்று முன்கூட்டியே வரைந்துவைக்கிற மாதிரிப் பக்கத்தில், அதற்குப் பக்கத்தின் மேல்பாதியையே ஒதுக்கியிருந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். மத்தியானம் ஒரு மனைப்பிரிவு விளம்பரம் வந்து அந்தப் பாதியை அப்படியே விழுங்கியது. எங்கள் ஊர்ச் செய்தி கீழே மூலைக்கு இறங்கியது. செய்திப் பெட்டியின் அடியில் சிவப்பாக ஒரு ப்ளஸ் குறி வந்து நின்றது. உள்ளே அடங்காமல் எழுத்து மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம், ஓவர்செட் என்போம்.

"கீழ வெட்டும்மா" என்றார் உதவி ஆசிரியர். அவர் கையில் வேறு பக்கத்தின் ப்ரூஃப் இருந்தது.

"சார், இதுல மேட்டரே கீழதான் இருக்கு."

"கீழ மேட்டரா? எந்த ஊர் வழக்கம் அது?"

"எங்க ஊர் சார்."

அவர் சிரித்துவிட்டார். கெட்டவர் இல்லை, என்னைப் போலவே ஓய்ந்துபோன மனுஷர். வந்து என் பின்னால் நின்று படித்தார். "சரி, அந்தக் கடைசிப் பத்திய எடுத்து பாக்ஸ் கட்டிடு. பின்னாடி லேசா சாம்பல் ஸ்கிரீன் கொடு, கண்ணுல படும். ஆனா இடம் ஏறக் கூடாது" என்றவர், திரையில் விரலை வைத்து மேலே இருந்த இரண்டு பத்திகளைக் காட்டினார். "இந்தக் காத்தெல்லாம் எதுக்கு? வானிலைச் செய்தியா இது? எடுத்துடு."

பக்கம் அச்சு ப்ளேட்டுக்குப் போக வேண்டிய நேரம் நெருங்கிவிட்டது. எனக்கு ரயிலும் இருந்தது. கடைசிப் பத்தி பிழைத்ததே பெரிது என்று நினைத்தேன். காற்றை எடுத்தேன், சிவப்புக் குறி மறைந்தது.

மறுநாள் டீக்கடையில் ஊரே கூடிப் படித்தது. சாம்பல் நிறப் பெட்டிக்குள் தடித்த எழுத்தில் முகத்துவாரம் எடுப்பாகத்தான் இருந்தது. தலைவர் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காத்து எங்க பாப்பா? எழவுச் சேதி மாரி மொட்டையா போட்டுகீறாங்க?"

"எடம் இல்ல பெரீப்பா."

"நல்லா இருக்கு கத" என்று பேப்பரை மடித்து வைத்துவிட்டார். அதற்காகவா அவ்வளவு பாடுபட்டேன் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஆனால் மெஷின் வந்தது. என்னால்தான் வந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், உண்மை எனக்குத் தெரியாது. பொக்லைன் வாளி மணலை அள்ளியதைப் பார்க்க, வார விடுமுறை நாளில் நானும் போய் நின்றேன். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று சத்தம் போட ஆரம்பித்தார்கள். அள்ளிய மணலைத் தென்கரையில் குவித்துக்கொண்டிருந்தான் டிரைவர். காற்றும் தெற்கிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

"வடக்க கொட்டுப்பா! அது திரும்பி உள்ளதான் வரும்!" என்று என் வீட்டுக்காரர் ஓடினார்.

டிரைவர் இன்ஜினியரைக் கை காட்டினான். இன்ஜினியர் பொறுமையானவர்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு பேப்பர் துண்டை எடுத்துக் காட்டினார். நான் கட்டிய பெட்டி, சாம்பல் ஸ்கிரீனோடு. "தோண்டணும்னு கேட்டீங்க, தோண்டுறோம். எந்தப் பக்கம் கொட்டணும்னு இதுல எங்க இருக்கு? லாரி வர்ற வழி தெற்கதான்."

என்னால் அந்தத் துண்டைப் பார்க்க முடியவில்லை. கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

முகத்துவாரம் திறந்தது. கடல் உள்ளே வந்தது, ஊர் கைதட்டியது. அதிகாரிகள் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் போட்டோவையும் நான்தான் பக்கத்தில் வைத்தேன், டபுள் காலத்தில். அடுத்த அமாவாசை கழிவதற்குள் மணல் பழையபடி உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

வீட்டுக்காரர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானே கேட்டேன், அந்தக் காற்றைப் போட்டிருந்தால் சரியாகியிருக்குமா என்று.

"அத படிச்சா மட்டும் லாரி வழிய மாத்திக்குனு இருப்பானுங்களா? வுடுமே" என்றார். சமாதானத்துக்குச் சொன்னாரா, நிஜமாகவே அப்படி நினைத்தாரா என்று இன்றுவரை தெரியவில்லை.

அடுத்த விடுமுறையில் ஒரு சாயங்காலம், உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஏரியிலிருந்து வந்தவர் வாசலிலேயே நின்றார். கால் கழுவ வாளியில் தண்ணீர் வைத்திருந்தேன், அதைத் தொடவில்லை.

"நான் போறேன்மே" என்றார். "ஏஜெண்டாண்ட பாஸ்போர்ட்ட குட்த்துட்டேன்."

அவ்வளவுதான். காற்று வரும், தண்ணீர் வரும், பாடு வரும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் கெஞ்சியும் திட்டியும் படியாத பழக்கம் அன்றைக்குத்தான் அவருக்குப் படிந்திருந்தது. பீரோவைத் திறந்து பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. மடித்த சட்டையையே மறுபடி உதறி மடித்தேன்.

"வாசல்ல நின்னுக்குனு சொல்லாதய்யா" என்றேன். "உள்ள வந்து உக்காரு. காத்துலேர்ந்து சொல்லு."