லேபிளில் வைத்த மஞ்சள்

போன வெள்ளிக்கிழமை காலை, மகளின் புது கோட்டில் காபியைக் கொட்டிவிட்டேன்.

திங்கட்கிழமை சென்னையில் அவளுக்கு இன்டர்வியூ. அதற்காகவே ஆன்லைனில் வாங்கிய கோட்டு. வீட்டில் இருப்பது அது ஒன்றுதான். அவள் கத்தவில்லை... அதுதான் பயமாக இருந்தது. கோட்டை மடித்து என் கையில் கொடுத்து, "சரி பண்ணிக் குடுங்கப்பா" என்றாள்.

பண்ணிவிட்டால் போச்சு! திண்டிவனத்தில் ட்ரை க்ளீனிங் கடைக்கா பஞ்சம்? அடுத்த தெருவிலேயே செண்பகம் கடை இருக்கிறது. ஒரு மெஷின், ஒரு அயர்ன் பாக்ஸ். முதலாளி, தொழிலாளி எல்லாம் அந்தம்மாதான்.

"பொண்ணுக்குத் திங்கக்கெழம இன்டர்வியூ. ஜல்தியா ட்ரை க்ளீன் பண்ணிக் குடுங்கம்மா. கோட்டுன்னா அதான், யோசிக்கவே வேணாம்" என்றேன். என் குரலைக் கேட்டவர்கள், முப்பது வருஷம் இதே தொழிலில் இருந்தவன் என்று நினைத்திருப்பார்கள்.

செண்பகம் காலரைத் தடவிப் பார்த்தார். அதில் தோல் மாதிரி பளபளவென்று ஒரு பட்டை.

"இது ரெக்சின் மாதிரி கீது சார். எங்க மருந்துல போட்டா சிலது வெடிச்சி உதுந்துடும். லேபிள பாத்துட்டுத்தான்..." என்று உள்பக்கத்தைத் திருப்பியவர், நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இன்னா சார் இது, லேபிள் மேல மஞ்சள அப்பிக்கினு வந்துகிறீங்க?"

அப்பியது நான்தான். புதுத் துணிக்கு மஞ்சள் வைக்காமல் போடுவோமா? ஆனால் இன்டர்வியூ கோட்டில் மஞ்சள் தெரியலாமா? உள்ளே, யார் கண்ணிலும் படாத அந்த வெள்ளைத் துண்டைப் பார்த்ததும் — ஆஹா, இதற்காகவே தைத்திருக்கிறார்கள் என்று குழைத்து வைத்துவிட்டேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன் வேறு!

அந்தத் துண்டு எதற்கு என்று செண்பகம் சொல்லித்தான் தெரியும். தொட்டிப் படம் என்றால் தண்ணீரில் துவைக்கலாம். வட்டம் என்றால் ட்ரை க்ளீனிங். எதன் மேல் பெருக்கல் குறி இருக்கிறதோ, அதைச் செய்யக்கூடாது. எந்த நாட்டுக்காரருக்கும் புரியட்டும் என்று நிபுணர்கள் கூடிப் பேசி முடிவு செய்த படங்களாம். பேசியவர்களில் ஒருவருக்காவது மஞ்சள் ஞாபகம் வந்திருக்குமா?

ஈரப் பஞ்சால் துடைத்தார். தொட்டி தெரிந்தது. வட்டமும் தெரிந்தது. அதன் மேல் பெருக்கல் குறி? படங்கள் வெளிர் சாம்பல் நிறம். மஞ்சள் சரியாக அங்கேதான் ஊறியிருந்தது. இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

"சோப்பு போட்டுத் தேய்ச்சா?"

"ஐயே, சோப்பு பட்டா மஞ்சள் செவந்துடும். வெயில்ல வெச்சா தானா வெளுத்துடும். சாயங்காலம் வாங்க."

"அதெல்லாம் பேஜாரும்மா. நான் சொல்றேன், மெஷின்ல போடுங்க!"

"நீங்க சொன்னா லேபிளு மாறிடுமா சார்?"

கோட்டை உள்வெளியாகத் திருப்பி வாசலில் மாட்டினார். லேபிளை மட்டும் விட்டு, மீதிக்குத் துண்டு போர்த்தினார்.

சாயங்காலம் போனேன். மஞ்சள் போயே போயிருந்தது. வட்டத்தின் மேல் பளிச்சென்று பெருக்கல் குறி! காலையில் என் பேச்சைக் கேட்டிருந்தால்?

தொட்டிப் படத்தில் ஒரு கை இருந்தது — கையால் அலசலாம் என்று அர்த்தம். கறை பட்ட இடத்தைப் பச்சைத் தண்ணீரில் பதமாக அலசி, நிழலில் உலர்த்தி, சனிக்கிழமை கொடுத்தார். காபி எங்கே கொட்டியது என்று கொட்டிய எனக்கே தெரியவில்லை.

நன்றி சொல்லிவிட்டு சும்மா வந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கிறதா?

"போடச் சொன்னது நான்தானேம்மா. காலர் போயிருந்தாலும் தப்பு என்னுதுதானே? உங்களுக்கு என்ன பயம்?"

செண்பகம் கோட்டை என் கையில் வைத்தார்.

"தப்பு உங்களுதுதான் சார். இன்டர்வியூ பாப்பாவுதாச்சே!"