ஒரே அச்சில் வார்த்த ஐந்து பேர்

என் தம்பிக்கு நாற்பதை நெருங்குகிறது வயது. பேச்சு வராது. காது நன்றாகக் கேட்கும், நாம் சொல்வது புரியும், கோபம் மட்டும் நமக்கு மேல் வரும். அவன் சொல்ல வேண்டியதையெல்லாம் ஐந்து பிளாஸ்டிக் பொம்மைகள்தான் சொல்லிக்கொண்டிருந்தன.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் ஒரு பொம்மைப் படத் தொடர் வரும். ஒரு குட்டி ஊர். அதில் ஒரு தபால்காரர், ஒரு சமையல்காரர், ஒரு போலீஸ்காரர், ஒரு டாக்டரம்மா, எந்நேரமும் கொட்டாவி விடும் ஒரு தூங்குமூஞ்சி. அது சக்கைப்போடு போட்ட காலத்தில் சத்துமாவு டப்பா வாங்கினால் உள்ளே ஒரு பொம்மை இலவசம். கட்டைவிரல் உயரம்தான் இருக்கும். கம்பெனிக்காரன் கெட்டிக்காரன், ஐந்து பேருக்கும் ஒரே அச்சு. உருண்டைத் தலை, உடம்போடு ஒட்டிய கை. முகமும் சட்டையும் பெயிண்ட்டில் மட்டும் வேறு வேறு. ஐந்தும் சேரும்வரை அம்மா அந்த மாவைக் கரைத்துக் கரைத்து எங்கள் வாயில் ஊற்றினாள். இன்றைக்கும் அந்த வாசனை வந்தால் எனக்குக் குமட்டும்.

ஒருநாள் தம்பி சமையல்காரரைக் கொண்டுவந்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினான். அம்மா சோறு போட்டாள். அன்றிலிருந்து அதுதான் பேச்சு. பசித்தால் சமையல்காரர். பயந்தால் போலீஸ்காரர். தூக்கம் வந்தால் தூங்குமூஞ்சி. வெளியே போக வேண்டுமென்றால் தபால்காரர். வலி என்றால் டாக்டரம்மா. எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித்தரவில்லை, அவனாக உண்டாக்கியது.

அம்மா போன பிறகு அந்தப் பொம்மைகள் என் கைக்கு வர ஆரம்பித்தன. ஒருமுறை டாக்டரம்மாவை வைத்து அழுத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். குடல்வால் வெடிக்கிற நிலைமை, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆளைப் பார்த்திருக்க முடியாது என்றார்கள். அந்தப் பொம்மை தொலைந்துபோனால் என்ன கதி என்ற பயம் அன்றைக்குத்தான் எனக்குள் புகுந்தது.

அந்தப் பயத்தில்தான் நான் சேகரிப்பவள் ஆனேன். பழைய டிவி பொம்மை, காமிக்ஸ் ஸ்டிக்கர் என்று அலைபவர்களின் வாட்ஸப் குழுவில் சேர்ந்தேன். திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டில் பில் போடுகிற பொம்பளைக்கு இது என்ன கிறுக்கு என்று ஆபீஸில் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். அந்தத் தொடரின் பென்சில் டப்பா கிடைத்தது, தண்ணீர் பாட்டில் கிடைத்தது, சாவி கொடுத்தால் மணியடித்துக்கொண்டு ஓடும் தபால்காரரின் தகர சைக்கிள்கூடக் கிடைத்தது. அந்த ஐந்து பொம்மைகளுக்கு மட்டும் மறு ஜோடி கிடைக்கவே இல்லை. இலவசமாக வந்ததை யார் பத்திரப்படுத்துவார்கள்?

எண்ணூரில் எங்கள் தெருவில் டிசம்பர் பிறந்தால் வீட்டுக்கு வீடு கிறிஸ்துமஸ் குடில் வைப்போம். எங்கள் குடிலில் வைக்கோலுக்கு நடுவே இடையர்களோடு இந்த ஐந்து பேரும் நிற்பார்கள். தம்பிக்கு வேண்டும்போது எடுப்பான், பேசி முடித்ததும் பழைய இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவான். குடில் பார்க்க வந்த பாதர் ஒருமுறை கொட்டாவி விடுகிறவரைக் காட்டி இது யார் என்று கேட்டார். நைட் ட்யூட்டி பார்த்த இடையர் என்றாள் அம்மா.

சில வருடத்துக்கு முந்தைய டிசம்பரில் மழைத் தண்ணீரோடு கழிமுகத் தண்ணீரும் சேர்ந்து வீட்டுக்குள் ஏறியது. தண்ணீர் முழுக்க ஆலையிலிருந்து கசிந்த கறுப்பு எண்ணெய். தம்பியை இழுத்துக்கொண்டு எதிர்வீட்டு மாடிக்கு ஏறினேன். அவன் குடிலைக் காட்டிக் காட்டித் திமிறினான். உயிர் பிழைத்தால் போதும் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர் வடிந்து வந்து பார்த்தால் வைக்கோல், மாதா, சூசையப்பர், இடையர்கள், ஐந்து பேர் எல்லாம் தார்க் குழம்பில் ஒரே கட்டியாகக் கிடந்தார்கள்.

சோப்பு போட்டேன், சாம்பல் போட்டேன், எதற்கும் அசையவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வந்து நின்றாள். அவள் புருஷன் விசைப்படகு எஞ்சின் மெக்கானிக்.

“இதுக்குப் போய் இன்னாத்துக்கும்மா அழுதுகினு கீற? கிருஷ்ணாயில்ல ஊறப்போட்டு நாரால தேய். எஞ்சின் பார்ட்டே பளபளன்னு ஆயிடுது, பொம்ம ஆவாதா?”

எங்கள் பக்கத்தில் எண்ணெய்க்கறைக்கு மண்ணெண்ணெய்தான் மருந்து. வலை, கை, படகு எதுவானாலும் கிருஷ்ணாயில்தான். எனக்கும் வேறு யோசனை வரவில்லை. பக்கெட்டில் ஊறப்போட்டேன். தேங்காய் நாரை எடுத்து ஆத்திரம் தீரத் தேய்த்தேன். கறுப்பு போயிற்று. கூடவே கண், மூக்கு, தொப்பி, மீசை, டாக்டரம்மாவின் கண்ணாடி எல்லாம் போயிற்று. கடைசியில் என் கையில் ஐந்து வெள்ளைக் கட்டைகள் இருந்தன. எது யார் என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே அச்சு. பக்கெட் பக்கத்திலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

தம்பி வந்தான். ஒவ்வொன்றாக எடுத்துத் தடவினான், முகர்ந்தான். நான்கைப் பழைய டப்பாவில் போட்டான். ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரியாமல் போனது எனக்குத்தான்.

மறுநாளிலிருந்து நான் வேலைவிட்டு வந்ததும் சட்டைப்பையிலிருந்து அந்த ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடுவான். அப்புறம் என் முகத்தையே பார்ப்பான். சோறு போட்டால் தட்டைத் தள்ளுவான். பாய் விரித்தால் படுக்கமாட்டான். கதவைத் தாழ் போட்டுக் காட்டினேன், ஒன்றுமில்லை. கடற்கரைவரை நடத்திக் கூட்டிப்போனேன். வந்தான், திரும்பியதும் மறுபடி அதையே கையில் வைத்தான். டாக்டரம்மாவாக இருந்தால்? வயிறு, பல், காது எல்லாம் டாக்டரிடம் காட்டினேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்து ஒரு குறையும் இல்லை என்றார். அப்படியானால் இது டாக்டரம்மா இல்லை என்று நானே முடிவு கட்டினேன்.

இப்படியே வாரக்கணக்கில் போயிற்று. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் பொம்மையைச் சுவரில் வீசினேன். அவன் போய்ப் பொறுக்கிவந்து திரும்ப என் கையில் வைத்தான். ஆபீஸில் விரல் ஓடவில்லை. நாளைக்கு நிஜமாகவே வலி வந்து, எந்தக் கட்டையையாவது நீட்டிவிட்டு, நான் சோற்றைப் போட்டுக்கொண்டிருக்க, இவன் செத்துப்போனால்? போன் அடித்தாலே தூக்கிவாரிப்போட்டது.

வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரியிடம் ஐந்து பொம்மையும், கடையில் தொங்கவிடக் கம்பெனி கொடுத்த அட்டையிலேயே பிரிக்காமல் இருக்கிறது என்று குழுவில் தெரியவந்தது. தூத்துக்குடிப் பக்கத்து மனிதர். கடைக்குப் போய்க் காத்து நின்றேன். காட்டினார், தொட விடவில்லை. அட்டையைப் பிரித்தால் சேகரிப்பவனுக்கு அது செத்த பொருள் என்றார். பிரிக்கத்தான் கேட்கிறேன் என்றேன். அவர் முகம் சுருங்கியது. தம்பியைப் பற்றிச் சொன்னேன். துணிக்கட்டுகளுக்கு நடுவே, வேலை செய்கிற பெண்கள் பார்க்க, கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் அட்டையைத் துண்டால் ஒருமுறை துடைத்தார்.

“குடுக்கதுக்கு மனசே இல்லம்மா. அந்தத் தகர சைக்கிள் ஒங்ககிட்டதான இருக்கு? அதக் கொண்டாங்க.”

பரணில் இருந்ததால் சைக்கிள் மட்டும் வெள்ளத்துக்குத் தப்பியிருந்தது. என்னிடம் பெயர் சொல்லும்படி இருந்த ஒரே பொருள். துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒருமுறை சாவி கொடுத்துப் பார்த்துவிட்டு அட்டையை நீட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் அட்டையைப் பிரித்து ஐந்து பேரையும் தரையில் வரிசையாக நிறுத்தினேன். கண்ணும் மூக்குமாக, நேற்று வந்தவர்களைப் போல நின்றார்கள். தம்பியை உட்காரவைத்தேன். நீ தினமும் கொடுக்கிறாயே, அது இவர்களில் யார் என்று கேட்டேன்.

அவன் அவசரப்படவில்லை. வரிசையை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தான். சட்டைப்பையிலிருந்து வெள்ளைக் கட்டையை எடுத்தான். கொண்டுபோய் டாக்டரம்மா பக்கத்தில் நிறுத்தினான்.

எங்கேடா வலி, எத்தனை நாளாக வலி என்று அவன் வயிற்றை அமுக்கினேன், வாயைத் திறந்து பார்த்தேன், காதைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினேன். அவன் தலையை உதறிக்கொண்டான். என் கையைப் பிடித்து இழுத்து உள்ளங்கையை மேலே திருப்பினான். கிருஷ்ணாயிலில் கிடந்து தோல் உரிந்து, விரலிடுக்கெல்லாம் வெடித்து, ரத்தம் கசிந்து காய்ந்த கை. தரை தேய்த்து, சுவர் தேய்த்து, அவனையும் குளிப்பாட்டி, ஒருநாளும் நான் உட்கார்ந்து பார்க்காத கை. வெடிப்புகளின் மேல் கட்டைவிரலால் மெல்லத் தடவினான். முகமுள்ள டாக்டரம்மாவை எடுத்து அங்கே வைத்தான். விரல்களை ஒவ்வொன்றாக மூடினான்.

“வலிக்குதுடா,” என்றேன்.

அம்மா போனதிலிருந்து நான் யாரிடமும் சொல்லாத வார்த்தை. அவன் எழுந்துபோய்த் தேங்காயெண்ணெய் பாட்டிலை எடுத்துவந்தான்.