மருதம்மாள் சொல்லாத பேர்

மருதம்மாளுக்குக் கோபம் வந்தால் பனியன் கம்பெனியில் மிஷின் சத்தமே காதில் விழாது என்பார்கள். அப்படியாப்பட்ட தொண்டை.

எழுபத்தொன்றாம் வருஷம் அவளுக்கு அறுபத்திரண்டு வயது. சேவூரில் இருந்து கட்டின சேலையோடு வந்தவள். புருஷன் மயில்சாமி காலராவில் போனபிறகு இரண்டு பெண்களைத் தனியாக வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள். வேலம்பாளையத்தில் ஓட்டு வீடும் போட்டாள், எவனிடமும் கை நீட்டாமல். பள்ளிக்கூடம் பக்கம் போனதில்லை. ஆனால் தைத்த பனியனை உள்ளங்கையில் விரித்து ஒரு இழு இழுத்தால் கடுகளவு ஓட்டையும் விரலில் தட்டிவிடும். அவள் பாஸ் பண்ணி அனுப்பிய உருப்படி ஒன்றுகூடக் கல்கத்தாவில் இருந்து திரும்பியதில்லை. திருப்பூர் முழுக்கத் தேடினாலும் அப்படி இன்னொரு கை கிடையாது.

அந்தக் கைக்குத்தான் சோதனை வந்தது. அறுபது தாண்டியவர்களில் யார் திடமாக இருக்கிறார்கள் என்று அளந்து சொல்ல, முதலாளி ஈஸ்வரமூர்த்தி மெட்ராஸ் டாக்டர் ஒருவரை வரவழைத்தார். இருபது மார்க்குக்குப் பதினேழு வாங்கினால் வேலை. குறைந்தால் வீட்டில் இருந்துகொள்ளலாம்.

டாக்டர் ரப்பர் உருண்டையை அமுக்கச் சொன்னார். அவள் அமுக்கிய அமுக்கில் ஊசி கடைசிக் கோட்டில் போய் நின்றது. ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். அவர் போதும் என்கிறவரை நின்றாள். பிறகு ஞாபக சக்திக்கு வந்தார்.

"உங்க வீட்டுக்காரர் பேர் என்னம்மா?"

"அதெப்படீங்க நான் சொல்றது?"

டாக்டர் ஏதோ எழுதினார். படங்களைக் காட்டினார். பசு, விளக்கு, வண்டி என்று படபடவென்று சொன்னாள். அடுத்த படம் மயில். அவள் வாய் நின்றுவிட்டது. புருஷன் பேரில் இருக்கிறது என்பதற்காகவே, கல்யாணமான நாளில் இருந்து அந்தப் பறவையின் பேரையும் அவள் வாயில் எடுத்ததில்லை.

"இது... முருகன் ஏறிப் போறதுங்க."

"அதுக்குப் பேர்?"

"அதானுங்க, முருகன் ஏறிப் போறது."

டாக்டர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு மறுபடியும் எழுதினார்.

கணக்குப்பிள்ளை பொங்கியண்ணன்தான் சாயங்காலம் சீட்டைப் படித்துச் சொன்னார். "பதினாறுங்க அக்கா. புருஷன் பேர் ஞாபகமில்லை, மயிலை அடையாளம் தெரியவில்லை, மறதி நோய் ஆரம்பம்னு போட்டிருக்குது."

"ஆருக்கு மறதி?"

சீட்டைப் பிடுங்கிக்கொண்டு டாக்டர் மேஜைக்குப் போனாள். "ஏனுங் டாக்டருங்க! என்ற ஊட்டுக்காரரு பேரு எனக்கு மறந்துபோச்சுங்களா? செத்து முப்பது வருசமாச்சு, இன்னும் அந்தப் பேர வாயில எடுக்காம மரியாதையா இருக்கறேன். அதுக்கு நோயின்னு பேரு வச்சுப்போட்டீங்களா?"

"கோபப்படாதீங்கம்மா. கேட்டதுக்குப் பதில் சொல்லணும் இல்லையா?"

"அப்ப அவளுககிட்டயும் கேளுங்க!" பனியன்களை மடித்து அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் பக்கம் திரும்பினாள். "ஏ சுப்பாத்தா, உன்ற ஊட்டுக்காரர் பேரச் சொல்லு!"

இருபத்து மூன்று வயது சுப்பாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ராமாத்தா, நீ?"

"போங்கக்கா! சொன்னா அவருக்கு மேலுக்குச் சொகமில்லாம போயிரும்."

வரிசையில் பதினெட்டுப் பேர். ஒருத்திகூடச் சொல்லவில்லை.

"எழுதுங்க, எல்லாத்துக்கும் மறதி! கம்பெனியப் பூட்டிச் சாவிய நீங்களே கொண்டுபோங்க!"

சத்தம் கேட்டு வந்த ஈஸ்வரமூர்த்தி சிரித்துவிட்டார்.

"சிரிக்காதீங்க மொதலாளி. இருவது வருசமா என்ற கையப் பாத்தீங்க. இன்னிக்கு வந்த சீட்ட நம்பி என்னைய ஊட்டுக்கு அனுப்பப் பாத்தீங்களே, அதுக்குச் சிரிப்பு வருதுங்களா?"

அவர் முகம் சுண்டிவிட்டது. டாக்டர் 'மறதி'யை அடித்து, பதினாறைப் பதினெட்டாக்கினார். பொங்கியண்ணனை இரண்டு தடவை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் மருதம்மாள் நகர்ந்தாள்.

ஆனாலும் ஆறவில்லை. மறுநாள் முழுக்க, நூல் பிசிறு ஒன்று நீண்டிருந்தாலும் உருப்படியைப் பாஸ் பண்ணாமல் திருப்பி அடித்தாள். டெய்லர்கள் முனகினார்கள். மத்தியானம் முதலாளியே வந்து, திருப்பிய உருப்படிகள் மலையாகக் குவிந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார்.