மணல் என்று போட்ட கட்டம்

எங்கள் அலுவலகத்தில் அவளுக்குக் கணக்கு அக்கா என்று பெயர். கடலுக்கடியில் எழும் சத்தம் தரையில் பட்டு எப்படித் திரும்பும், எவ்வளவு தூரம் போகும் என்று கணினியில் கணக்குப் போடுவது அவள் வேலை. இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாள்கூடக் கடலில் கால் நனைத்ததில்லை. கேலி செய்தால், "நனைச்சா மட்டும் விடை சரியா வந்துடுமா?" என்று எங்கள் வாயை அடைத்துவிடுவாள்.

அந்தச் சரக்குக் கப்பல் மூழ்கியபோது இயந்திர அறையில் அவளுடைய தங்கை கணவர் இருந்தார். கப்பலோடு போன ஒலிக்கருவி முப்பது நாள் சத்தமிட்டுக் கூப்பிடும், பிறகு அடங்கிவிடும். கடல் தரையில் நாங்கள் பதித்திருந்த கேட்புக் கருவியில் அது மெலிதாக விழுந்தது. திசை தெரிந்தது. தூரத்தை அக்காதான் சொல்ல வேண்டும். பக்கத்து நாற்காலியில் தங்கை அழுதுகொண்டிருக்க, அக்கா கணக்குப் போட்டாள். பதினோரு கிலோமீட்டர். தேடுபவர்கள் அங்கே போய் இருபது நாள் அலசினார்கள். ஒன்றும் இல்லை.

இருபத்தொன்றாம் நாள் காலை, அக்கா கணினியில் பழைய கணக்கு ஓட்டங்களைப் புரட்டினாள். தரை என்ற கட்டத்தில் 'மணல்' என்று இருந்தது. சோதனைக்குக் கணக்கை ஓட்டும்போது நாங்கள் எல்லோரும் மணல் என்றுதான் போடுவோம், சீக்கிரம் முடியும். அப்புறம் மாற்ற வேண்டும். அன்று அவள் மாற்றவில்லை. மணல் சத்தத்தைத் திருப்பி அனுப்பும், சேறு விழுங்கிவிடும். அங்கே இருந்தது சேறு. சத்தம் மெலிந்தது தூரத்தால் அல்ல, சேற்றால். அந்த விடையைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான்.

"சொல்லாம மாத்திடலாமா?" என்றேன், வெட்கமில்லாமல்.

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தேடும் குழுவின் தலைவருக்குப் போன் செய்தாள். "தப்பு என்னோடது. நாலு கிலோமீட்டர்ல தேடுங்க." பிறகு தங்கையிடமும் அதையே சொன்னாள்.

தங்கை கத்தவில்லை. "சத்தம் இன்னும் வருதா?" என்று மட்டும் கேட்டாள்.

"வருது."

மறுநாள் கப்பல் கிடைத்தது, அவரும். மூழ்கிய அன்றே உயிர் போயிருந்தது என்றார் மருத்துவர். அதில் எங்களுக்குத்தான் கொஞ்சம் ஆறுதல்.

ஒரு வாரம் கழித்துத் தங்கை வந்து, அந்த ஒலிப்பதிவைக் கேட்க வேண்டும் என்றாள். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு முழுவதும் கேட்டாள். பிறகு கழற்றி மேசையில் வைத்தாள்.

"இவ்ளோ கிட்டயா இருந்தாரு, அக்கா?"

அக்கா ஹெட்போனை எடுத்துத் தன் காதில் மாட்டிக்கொண்டாள்.