அகத்திய வெட்டினோம், முருங்கைய விட்டோம்

முதப் பிள்ளை உண்டானதும் எங்க வீட்டுக்காரர் பந்தல்குடியிலருந்து முருங்கைக் கொம்பு கொண்டாந்து வீட்டுக்குப் பின்னாடி ஊண்டினாரு. பிள்ளை பெத்தவ முருங்கைக்கீரை தின்னா பால் ஊறும்ல. கொம்பு தளுத்துச்சு, பிள்ளை அஞ்சாம் மாசமே வயித்துல அடங்கிருச்சு. அடுத்த ரெண்டும் அப்படித்தான்.

'ராசியில்லாத வயிறு'ன்னு பேசுனாளுக. அவளுக வாயில மண்ணள்ளிப் போட! நாங்களும் கோயில் கோயிலா ஏறி இறங்கினோமே தவிர, ரத்தத்தப் பாக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல.

அப்புறம் ஒருநா தலைவலி தாங்காம அருப்புக்கோட்டைக்குப் போனா, பிபி எகிறிக் கெடக்கு. மதுரைக்கு அனுப்பினாக. அங்க டாக்டரம்மா சொன்னாக: "ஒடம்பக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே ஒங்க ரத்தத்த உறைய வைக்குதும்மா. கிட்னியில சின்னச் சின்ன ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. அதான் பிரஷரு, அதான் ரத்தத்துல உப்பு கூடுது. மூணு பிள்ளையும் இதுலதான் போயிருக்கணும்." எங்க ஊரு திருச்சுழி வார வரைக்கும் பஸ்ஸுல அழுதேன்.

ரத்தம் உறையாம இருக்க மாத்திரை குடுத்தாக. "ஒரு வருசம் எல்லாம் அடங்கி நின்னா, மருந்த மாத்திப் பிள்ளைக்கு யோசிக்கலாம்"னாக. அந்த வார்த்தையப் பிடிச்சுக்கிட்டே நாள ஓட்டினேன். பஸ்ஸுல பக்கத்துல இருக்கவ மடியில தூங்குற பிள்ளையோட உள்ளங்கால யாருக்கும் தெரியாமத் தொட்டுப் பாப்பேன். அம்புட்டு ஏக்கம்.

மருந்த முறிக்கும்னு கீரைய அளவாத் திங்கச் சொன்னாக. எங்களுக்கு மருந்த முறிக்கிற கீரைன்னா அகத்தி ஒண்ணுதான். வீட்டுக்காரர் அன்னைக்கே வேலியோரம் நின்ன அகத்திய வெட்டி ஆட்டுக்குப் போட்டுட்டு, "இந்தா, ஒன் எதிரி ஒழிஞ்சான்"னு சிரிச்சாரு. நான் வெளுத்துப் போயிருக்கேன்னு, ரத்தம் ஊறட்டும்னு தினமும் முருங்கைக்கீரை ஒடிச்சாந்தாரு. நானும் ருசிச்சுத் தின்னேன். கடலை எடுப்பு மும்முரத்துல மாசாமாசம் பாக்க வேண்டிய ரத்தத்த ரெண்டு மாசமாப் பாக்கவும் போகல.

பதினோராம் மாசம் கால் வீங்கிருச்சு. கீரை மாத்திரைய வேலை செய்யவிடல, மறுபடியும் அடைப்பு. முருங்கைன்னு சொன்னதும் டாக்டரம்மா தலையில கைய வச்சுக்கிட்டாக. "இனி ஒங்க கிட்னியக் காப்பாத்துறதுதாம்மா பெருசு. பிள்ளை வேண்டாம்"னாக.

வீட்டுக்கு வந்ததும் அவரு அருவாள எடுத்துக்கிட்டு முருங்கைக்கிட்டப் போனாரு. அவரு மேலயும் கோவம், என் மேலயும் கோவம். ஆனா ஓடிப்போய் அவரு கையப் பிடிச்சுக்கிட்டேன்.

"வெட்டாதீக. நாம வச்சதுல பிழைச்சு நிக்கிறது இது ஒண்ணுதான்."