பட்டாளத்தில் சேராதவரின் பொத்தான்

செத்துப்போன சிப்பாயின் கோட்டை வேறொருவர் போட்டிருந்தால், அதிலிருந்து விழுந்த பொத்தான் யாருடையது? 1999-இல் பொன்னம்மை இதைக் கேட்டபோது, நாங்கள் சிலர் சுற்றி நின்றிருந்தோம்.

‘சாலை’ என்னும் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு குளத்தை மூடிக் கட்டடம் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். பொன்னம்மை அங்கே சித்தாள். மண்ணுக்குள் பழைய தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது என்று பார்க்க, மெக்கானிக் ரதீஷ் மெட்டல் டிடெக்டரோடு வந்திருந்தான். கருவி கத்திய இடத்தில் தோண்டினால் குழாய் இல்லை. பச்சை பிடித்த ஒரு பித்தளைப் பொத்தான் கிடந்தது. மேஸ்திரி வேலாயுதன் முன்பு ராணுவத்தில் இருந்தவர். வேட்டியில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“சங்கு முத்திரை. திருவிதாங்கூர் பட்டாளமாக்கும். இதப் போட்டவன் போய் அம்பது வருஷம் காணும்.”

“ராஜாவே போயாச்சு, பட்டன் மட்டும் டூட்டியில நிக்குது,” என்றான் ரதீஷ்.

எல்லோரும் சிரித்தார்கள். பொன்னம்மை சட்டியை இறக்கிவைத்துவிட்டு வந்து பொத்தானைத் திருப்பினாள். பின்வளையத்தில் ஒரு துண்டுச் செம்புக் கம்பி முறுக்கிக் கிடந்தது. நூல் நிற்காமல் அறுந்துகொண்டே இருக்கிறதென்று, கெட்டுப்போன ஃபேனிலிருந்து எடுத்த கம்பியால் அவளே முறுக்கியது. அவள் கணவர் பிச்சைக்கனி துணிக்கடைக் காவலாளி. முதலாளி பழந்துணி வியாபாரியிடம் வாங்கிக் கொடுத்த பட்டாளக் கோட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனவர், 1986 மழைக்காலத்தில் வீடு திரும்பவில்லை.

“அண்ணாச்சி, இது எங்க வீட்டு ஆளுக்க பொத்தானாக்கும். இன்னும் கொஞ்சம் தோண்டச் சொல்லுங்க.”

“அவரு பட்டாளத்துல இருந்தாரா?”

“இல்ல.”

“பின்னே?”

போலீஸ் ஸ்டேஷனிலும் 1986-இல் இதே கேள்விதான். இல்லை என்றாள். அதோடு கோட்டும் புகாரில் ஏறாமல் போய்விட்டது. இப்போது பொத்தானோடு அங்கே ஓடினாள். பழைய தாளை எடுத்து, அதில் கோட்டே இல்லை என்று வாசித்துக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் கான்கிரீட் போடுவதாக இருந்தது. திரும்பி வந்து மேஸ்திரியிடம் கெஞ்சினாள்.

“மகளுக்குக் கல்யாணம் அண்ணாச்சி. கார்டுல அப்பன் பேருக்கு முன்னால ‘பரேதன்’னு போடணுமா வேண்டாமான்னு அச்சாபீஸ்ல கேக்கான். செத்தவரா, இருக்கவரா? நான் என்ன சொல்ல? கிடைச்சா அழுதுட்டாவது போறேன்.”

வேலாயுதன் இரண்டு ஆட்களைத் தோண்ட விட்டார். இடுப்பளவு போனதும் ஊற்றெடுத்துக் குழி சரிந்தது. போதும் என்று இன்ஜினியர் நிறுத்தினார். அவள் உள்ளே இறங்கிக் கையால் சேற்றை வாரிப்போட ஆரம்பித்தாள். இரண்டு பெண்கள் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. விடிந்ததும் கான்கிரீட் விழுந்தது.

பிச்சைக்கனி என்று சொன்னால் சாலைக் கடைத்தெருவில் யாருக்கும் தெரியாது. கோட்டைப் பார்த்து அவரை எல்லோரும் ‘பட்டாளம்’ என்றுதான் கூப்பிட்டார்கள். 1986-இல் அங்கே கடை வைத்திருந்தவர்களோ சுமை தூக்கியவர்களோ உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருந்தால், இதை அவர்களிடம் சொல்லுங்கள். அவர்களும் நாலு பேரிடம் சொல்லட்டும். பெயரைச் சொல்லி விசாரிக்காதீர்கள். பட்டாளம் எங்கே போனார் என்று கேளுங்கள்.